யாழ்ப்பாணக் கம்பஸில் ‘டீன் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்’ யார்? அந்த ஆள்மேல் ஏன் எப்போதும் சர்ச்சை?

மாணவர் விவகாரம் முழுவதையும் ஒரே ஆளாகப் பார்க்கும் டீன் எங்களிடம் இல்லை. இங்கே பீடாதிபதி என்றால் கலைப்பீடம், விஞ்ஞான பீடம் என்று ஒரு பீடத்துக்குத் தலைவர். பீடச் சபை தெரிவு செய்யும், 3 வருடப் பதவி. மாணவர் பாடு சிரேஷ்ட மாணவ ஆலோசகர், மாணவ ஆலோசகர்கள், வளாக ஒழுங்கைப் பார்க்கும் மார்ஷல், விடுதிப் பொறுப்பாளர் என்று பிரிந்து போகும். ஆலோசகர் வேறு யாருமில்லை, காலையில் விரிவுரை எடுத்த அதே சேர்தான்.

வில்லங்கமும் அங்கேதான். அடி வாங்கிய பிள்ளை அழுதுகொண்டு போவதும் அவரிடம், அடித்த பெடியனைக் கூப்பிட்டு விசாரிப்பதும் பல நேரம் அவர்.

நான் படித்த இடத்தின் பெயர் வேண்டாம். முதலாம் வருடம் பகிடிவதை (ராகிங்) தாங்காமல் ஒரு மத்தியானம் ஆலோசகரிடம் போனேன். தேத்தண்ணி தந்து, பொறுமையாகக் கேட்டு, “நீர் யோசியாதையும், நான் பாக்கிறன்” என்றார். பின்னேரம் விடுதி வாசலில் சீனியர்மார் காத்து நின்றார்கள். நான் சேரிடம் சொன்னது சொல்லுக்குச் சொல் அவர்கள் வாயில் வந்தது.

பல வருடம் கழித்து ஒரு கலியாண வீட்டில் அவரிடமே கேட்டுவிட்டேன். “பொலிசுக்குப் போனா அவங்கட படிப்பு முடிஞ்சுது தம்பி. அதான் கூப்பிட்டுக் கதைச்சனான்” என்றார். அவர் பயந்ததிலும் நியாயம் உண்டு. 1997இல் பேராதனையில் பொறியியல் மாணவர் ஒருவர் பகிடிவதையால் இறந்தார். அடுத்த வருடம் பகிடிவதையைத் தடை செய்யும் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதைக்கு 2 வருடம் வரை சிறை, பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ என்றால் 10 வருடம் வரை. அதனால்தான் பலர் வாய்ப்பேச்சில் முடிக்கப் பார்க்கிறார்கள், பிறகு ‘மூடி மறைத்தார்’ என்று பெயர் வாங்குகிறார்கள். சரி, கூப்பிட்டுக் கதைத்திருக்கலாம். என் பெயரை ஏன் சொன்னார்? அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

யாழ்ப்பாணத்தில் இதோடு அரசியலும் சேரும். 2021 ஜனவரி 8 இரவு வளாகத்து முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியைப் பல்கலைக்கழக நிர்வாகமே இடித்தது. மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். 11ஆம் திகதி துணைவேந்தரே வந்து மீண்டும் அடிக்கல் நாட்ட வேண்டியதாயிற்று. துணைவேந்தருக்கே அந்த நிலை என்றால், நடுவில் நிற்கும் ஆலோசகர் எம்மாத்திரம்!

முறைப்பாடு கொடுக்கத்தான் கேட்கிறீர்கள் என்றால் எழுத்தில் கொடுங்கள். உங்கள் பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்குங்கள், இன்னொரு பிரதியைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு அனுப்புங்கள். நான் வெறும் வாயால் சொல்லிவிட்டு வந்தவன்.