போஸ்னியாவின் மோஸ்தார் நகரில் ஒரு மாலை மட்டும் தங்கினால் போதுமா?

போதும், இரவும் அங்கேயே தங்குவதாக இருந்தால். குரோஷியாவின் துப்ரோவ்னிக்கிலிருந்து காலையில் வந்து, பாலத்தில் படம் எடுத்துக்கொண்டு பொழுது சாயுமுன் திரும்பிவிடும் பஸ் சுற்றுலாவை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கோடைக்கால நண்பகலில் பழைய பாலத்தில் ஏறுவது தேரோட்டக் கூட்டத்தில் மாட்டிக்கொள்வதைப் போன்றது. நீங்கள் நடக்கவே வேண்டாம், மறுகரையில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.

பஸ்கள் கிளம்பிய பிறகு அதே பாலத்துக்குப் போங்கள். நடுவில் கூம்பி இருபுறமும் சரியும் பாலம் அது. வெளிர்நிறக் கல், வழவழவென்றிருக்கும். கால் வழுக்காமலிருக்கக் குறுக்கே வரிவரியாகக் கல்லை உயர்த்தி வைத்திருக்கிறார்கள். அப்படியும் தோல் செருப்போடு இறங்குபவர்கள் ஓரத்தைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறார்கள். இத்தனைக்கும் இது 2004-ல் திறந்த பாலம். ஒட்டோமான் சுல்தான் சுலைமானின் ஆணைப்படி, கட்டடக் கலைஞர் சினானின் மாணவர் ஹைருத்தீன் 1566-ல் கட்டி முடித்த மூலப் பாலம், 1993 நவம்பர் 9 அன்று போஸ்னியக் குரோஷியப் படையின் பீரங்கித் தாக்குதலில் நெரெத்வா ஆற்றுக்குள் விழுந்தது. அதே ஊர்க் கல்லைக் கொண்டு, அதே வளைவில் மீண்டும் எழுப்பினார்கள். ‘நகல்தானே’ என்று உதட்டைப் பிதுக்குபவர்கள் உண்டு. அந்த ஊர்க்காரர்கள் அதன்மேல் நின்று அரட்டையடிப்பதைப் பார்த்தால் அந்தக் கேள்வி எழாது.

பாலத்தின் கைப்பிடிச் சுவருக்கு வெளியே நீச்சல் உடையில் நிற்கும் ஆட்கள் உடனே குதித்துவிட மாட்டார்கள். பார்வையாளர்களிடம் பணம் சேரும் வரை பாய்வதுபோல் போக்குக் காட்டுவார்கள். ஆறு இருபது மீட்டருக்கும் கீழே, கோடையிலும் சில்லென்று ஓடுகிறது. அதனால் உடம்பில் முதலில் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொள்வது அவர்கள் வழக்கம்.

இருட்டுவதற்குள் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். மேற்கே பத்து நிமிடம் நடந்தால் புலேவார் என்ற அகலமான சாலை வரும். 1993-94-ல் குரோஷியரும் போஸ்னிய முஸ்லிம்களும் போட்ட சண்டையில் போர்முனை அதுதான். புதுக் கண்ணாடிக் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே, உடலெல்லாம் குண்டு துளைத்து, கூரையில்லாமல், உள்ளே மரம் முளைத்த வீடு நிற்கிறது. இன்றும் மேற்கில் பெரும்பாலும் குரோஷியர், கிழக்கில் போஸ்னிய முஸ்லிம்கள். அரசியல் இழுபறியில் 2008-க்குப் பிறகு 2020 டிசம்பரில்தான் நகராட்சித் தேர்தலே நடந்தது. பாலத்தை மட்டும் பார்த்துவிட்டு ‘இணைந்த நகரம்’ என்று எழுதுபவர்கள் இந்தச் சாலைப் பக்கம் போனார்களா என்று எனக்குச் சந்தேகம்.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை. செவாப்பி என்ற இறைச்சிச் சுருளும் ரொட்டியும் எங்கும் கிடைக்கும். சைவர்கள் ரொட்டிக்கடையில், உள்ளே பூரணம் வைத்துச் சுட்ட மாவுப் பண்டங்களை சீர்னித்சா (பாலாடைக்கட்டி), செல்யானித்சா (கீரை), க்ரும்பிருஷா (உருளைக்கிழங்கு) என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். வெறுமனே ‘புரெக்’ என்றால் இறைச்சி வைத்ததுதான் வரும். சாப்பிட்ட பிறகு, செம்புக் குவளையில் கொண்டுவரும் போஸ்னியக் காப்பியை அவசரப்படாமல் குடியுங்கள். அடியில் வண்டல் தங்க வேண்டும்.

கையில் கொஞ்சம் போஸ்னிய நாணயமான மார்க் நோட்டு இருக்கட்டும். ஒரு யூரோவுக்கு ஏறக்குறைய 1.96 மார்க், மாறாத விகிதம். அடுத்து சரயேவோ போவதானால் பஸ்ஸை விட ரயிலே மேல். சுமார் இரண்டு மணி நேரம், வழியில் வெகுதூரம் நெரெத்வாவை ஒட்டியே போகும். வண்டிகள் மிகக் குறைவு, ஆகவே வந்து இறங்கியதுமே நிலையத்தில் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.