ஆற்றுப் பாசியைப் படித்தால் வேலை கிடைக்குமா?

ஐயா, வணக்கம்.

பி.எஸ்சி. தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், பி.எட். வேண்டாம், தாமிரபரணிப் பாசியைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்வேன் என்று நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். "படித்துறையில ஆளை வழுக்கி விடுறதைப் படிச்சு என்ன சம்பாதிக்கப் போறா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கிறார்களாம். நியாயமான கவலைதான். ஆனாலும் அவளைத் தடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். 'பாசி நிபுணர் தேவை' என்று விளம்பரம் வருவது அபூர்வம். அந்த வேலை வேறு பெயர்களில் ஒளிந்திருக்கிறது. அந்தப் பெயர்களைத் தெரிந்துகொண்டு படிப்பைத் திட்டமிட்டால் பிழைப்புக்குக் குறைவிருக்காது.

அதற்கு முன், அவள் எதில் மனசு வைத்திருக்கிறாள் என்று நீங்கள் கொஞ்சம் பார்க்க வேண்டும். பாபநாசத்துக்கு மேலே மரங்கள் கவிந்த ஓடைகளில் கல்லைத் தொட்டால் வழவழப்பு மட்டும்தான் தெரியும். அந்த வழவழப்பில் பெரும்பங்கு டயாட்டம். சிலிக்கா ஓட்டுக்குள் வாழும் ஒற்றைச் செல் பாசி. நீர்ப்பூச்சிகளின் இளம்புழு, நத்தை, தலைப்பிரட்டை, பாறையைச் சுரண்டித் தின்னும் சின்ன மீன்கள் எல்லாவற்றுக்கும் அது சாப்பாடு. குளிர்நாட்டு ஆறுகளில் பாசியின் வளர்ச்சியைப் பருவகாலக் குளிர் தீர்மானிக்கிறது. நம் பக்கத்தில் மர நிழலும் மழையும்தான் தீர்மானிக்கின்றன. பருவமழை வெள்ளம் கற்களை உருட்டிப் பாசியைத் தேய்த்துக் கழுவிவிடும். தண்ணீர் தெளிந்த சில வாரங்களில் மறுபடி ஒட்டி வளரும்.

வெப்பமண்டல ஓடை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது மேரி பவர் என்ற அமெரிக்கச் சூழலியலாளர் பனாமாவில் செய்து 1980-களில் வெளியிட்ட ஆய்வு. வெயில் படும் மடுக்களில் பாசி பல மடங்கு வேகமாக வளர்ந்தது. ஆனால் கல்லில் இருந்த அளவைப் பார்த்தால் நிழல் மடுவுக்கும் வெயில் மடுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பாசி எங்கே வேகமாக வளர்கிறதோ அங்கே அதைத் தின்னும் கெளுத்தி மீன்களும் அதே விகிதத்தில் கூடிவிட்டன. கரையோரம் ஆழமில்லாத தண்ணீரில் மட்டும் பாசி தடித்துக் கிடந்தது. பறவை கொத்திவிடும் என்று மீன்கள் அங்கே வரவில்லை. ஒரு கல்லின் மேல் இருக்கும் பச்சையில் வெயிலும் மீனும் கொக்கும் சேர்ந்து பதிவாகியிருக்கின்றன. இதைப் படித்த பிள்ளைக்கு ஆற்றை விட மனசு வராது.

சரி, பிழைப்புக்கு வருவோம். ஒரு பாட்டில் தண்ணீரைச் சோதித்தால் அந்த நேரத்துக் கணக்குதான் கிடைக்கும். ராத்திரி திறந்துவிட்ட கழிவு விடிவதற்குள் ஓடிப் போயிருக்கும். கல்லில் ஒட்டிய பாசி ஓடிப் போகாது. கடந்த சில வாரங்களில் தண்ணீர் எப்படி இருந்தது என்பதை எந்தெந்த இனங்கள் இருக்கின்றன என்பதே சொல்லிவிடும். ஊர்க் கழிவு கலந்த இடத்தில் ஆசிலட்டோரியா, நிட்சியா பாலியா போன்றவை பெருகும். எந்தப் பாசி எவ்வளவு கழிவைத் தாங்கும் என்று 1969-இல் பால்மர் என்பவர் போட்ட மதிப்பெண் பட்டியலை இன்றைக்கும் நம் கல்லூரி ஆய்வுகளில் பயன்படுத்துகிறார்கள்.

வேலை செய்யும் விதத்தைச் சொல்கிறேன், உங்களுக்கும் ஒரு தெளிவு கிடைக்கும். ஓடும் தண்ணீரிலிருந்து கல்லை எடுத்துத் தட்டில் வைத்து, பழைய பல் பிரஷ்ஷால் மேல்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுவார்கள். பழுப்புத் தண்ணீர் இறங்கும். ஒரு பங்கில் அயோடின் கரைசல் விட்டுப் பத்திரப்படுத்துவார்கள். இன்னொரு பங்கை ஹைட்ரஜன் பெராக்சைடில் சூடாக்கினால் உயிர்ப்பொருள் எரிந்து டயாட்டத்தின் ஓடு மட்டும் மிஞ்சும். அதை ஸ்லைடில் ஏற்றி, எண்ணெய் விட்டு ஆயிரம் மடங்கு பெரிதாக்கி, ஓட்டில் இருக்கும் கோடுகளைப் பார்த்துப் பெயர் சொல்ல வேண்டும். ஒரு சாம்பிளுக்கு 400 ஓடு எண்ணுவது வழக்கம். கழுத்து வலிக்கும். இந்தப் பொறுமை எல்லாருக்கும் வராது. அதனால்தான் பார்த்த மாத்திரத்தில் இனம் பிரிக்கத் தெரிந்தவர்கள் நாட்டிலேயே குறைவு. உங்கள் மகளின் மூலதனம் அதுதான்.

இந்தக் கல்வி நமக்குப் புதிதும் அல்ல. இந்தியப் பாசியியலின் தந்தை என்று போற்றப்படும் எம்.ஓ.பி. ஐயங்கார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். அவருடைய மாணவர் தேசிகாச்சாரி 1959-இல் நீலப்பச்சைப் பாசிகள் பற்றி எழுதிய பெருநூலை இன்றும் மேஜையில் வைத்துப் புரட்டுகிறார்கள்.

வேலைகள் எங்கே? தொழிற்சாலை, அணை, சுரங்கம் எதற்கும் சுற்றுச்சூழல் அனுமதி கேட்கும்போது, பல திட்டங்களுக்கு அங்குள்ள நீர்நிலையின் உயிரினங்களைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. அந்த அறிக்கை தயாரிக்கும் ஆலோசனை நிறுவனங்களில் சூழலியல் நிபுணர் என்று தனிப் பொறுப்பே உண்டு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களில் விஞ்ஞானிப் பணியிடங்கள் வரும். தகுதிப் பாடங்கள் அறிவிக்கைக்கு அறிவிக்கை மாறுவதால், தாவரவியல் இருக்கிறதா என்று பார்த்தே விண்ணப்பிக்க வேண்டும். நாட்டின் தாவரங்களைக் கணக்கெடுக்கும் மத்திய அரசு நிறுவனமான பி.எஸ்.ஐ.யின் தென்மண்டல மையம் கோவையில் இருக்கிறது. மரக்காணம் பக்கத்து இறால் குஞ்சுப் பொரிப்பகங்களில் குஞ்சுகளுக்குத் தீவனமாக டயாட்டத்தைத் தொட்டி தொட்டியாக வளர்க்கிறார்கள். அதற்குத் தனி ஆள் வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஸ்பைருலினா என்ற சத்துணவுப் பாசியை வளர்க்கும் பண்ணை இருக்கிறது. தண்ணீரில் கிடைத்த உடல் மூழ்கி இறந்ததா என்று பார்க்க எலும்பு மஜ்ஜையில் டயாட்டம் தேடும் சோதனைகூட இருக்கிறது. குடிநீர் அணைகளில் நச்சுப் பாசி பெருகுவது உலகம் முழுக்கத் தலைவலியாகி வருவதால், இந்தப் பக்கம் தேவை கூடும் என்பது என் கணிப்பு.

பி.எட். பற்றி நான் கறாராக ஒன்று சொல்வேன். இப்போதே அதில் சேர்ப்பதால் அவசர லாபம் எதுவும் இல்லை. அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியர் ஆக எம்.எஸ்சி.யும் பி.எட்.டும் இரண்டுமே வேண்டும். முதலில் எம்.எஸ்சி. முடிக்கட்டும். ஆராய்ச்சி சரிப்படாவிட்டால் அப்புறம் பி.எட். படித்துக்கொள்ளலாம், அந்த வழி எங்கும் போகாது.

எம்.எஸ்சி.யைத் தாவரவியலிலோ சுற்றுச்சூழல் அறிவியலிலோ செய்யலாம். உங்கள் பக்கத்திலேயே ஆழ்வார்குறிச்சியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் மையம் இருக்கிறது. டயாட்டம் மட்டும்தான் என்று உறுதியாகிவிட்டால், பிறகு பி.எச்டி.க்குப் புனேயின் அகர்கர் ஆய்வு நிறுவனம். எங்கே சேர்ந்தாலும் நீர் வேதியியல், புள்ளியியல், வரைபட மென்பொருள் மூன்றையும் கையோடு கற்க வேண்டும். பாசி மட்டும் தெரிந்தவருக்கு வேலை தேடுவது கஷ்டம், இவையும் தெரிந்தவரை நிறுவனங்கள் விடாது. பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு, உயிர் அறிவியல் தாள். அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பிறகு 42,000, வீட்டு வாடகைப் படி தனி. பி.எச்டி. ஐந்து ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். உதவித்தொகை இல்லாமல் பி.எச்டி. சேர்வதை மட்டும் நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். நல்ல பிள்ளைகள் பலர் அதில்தான் வாடிப் போகிறார்கள்.

பெண் பிள்ளை காட்டுக்குள் போவாளே என்று தயங்குகிறீர்கள். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வனத்துறை எழுத்துமூலம் அனுமதி தந்தால்தான் சாம்பிள் எடுக்கவே முடியும், தனியாகப் போக விடவும் மாட்டார்கள். எனக்கு இருக்கும் பயம் வேறு: மலையில் பெய்த மழை கீழே வெயிலடிக்கும்போது திடீரென்று வந்து சேரும். குழுவாகப் போவதும், மேகம் பார்த்துக் கரையேறுவதும் கட்டாயம் என்று வழிகாட்டிப் பேராசிரியரிடம் நீங்களே நேரில் பேசுங்கள்.

இப்போதைக்கு ஒரு காரியம் செய்யலாம். கல்லூரி ஆசிரியர் ஒருவரின் துணையோடு, ஊருக்கு மேலே ஓர் இடம், சாக்கடை சேர்ந்த பிறகு ஓர் இடம் என்று இரண்டு படித்துறைகளில் மாதம் ஒரு முறை கல்லைத் தேய்த்துப் பார்க்கட்டும். பெயர் தெரியாவிட்டால் படம் வரைந்து வைக்கட்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பும் பின்பும் சேர்த்துச் செய்தபின் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு அவள் வரட்டும், நீங்களும் கூட வாருங்கள். எம்.எஸ்சி. விண்ணப்பத்தை அந்த நோட்டை வைத்துக்கொண்டே சேர்ந்து எழுதுவோம்.