கோப்பு திறக்கிறது, படிக்க மட்டும் முடியவில்லை: ஏன்?

லினக்ஸில் திறக்க முடிந்த கோப்பு, நகலெடுக்கும்போது பாதியில் ‘உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை’ என்று நின்றுவிடுவது ஏன் எனக் கேட்டிருக்கிறீர்கள்.

திறக்கும்போது கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) கோப்பின் பாதையையும் ஐநோடையும் (கோப்பின் அளவு, அனுமதி, தரவு இருக்கும் இடம் ஆகியவற்றைக் குறித்துவைக்கும் பதிவு) மட்டுமே பார்க்கிறது. உள்ளிருக்கும் தரவைத் தொடுவதில்லை. படிக்கும்போதுதான் வட்டு கைவிரிக்கிறது. தொடக்கத்திலிருந்து 10,000 பைட் கேட்கிறீர்கள், கர்னல் தரவைப் பக்கம் பக்கமாகப் படிக்கும்போது மூன்றாவது 4,096 பைட் பக்கம் கெட்டிருக்கிறது என்று வையுங்கள். முதலில் 8,192 பைட் கிடைக்கும். மீதியைப் படிக்கக் கேட்கும் அடுத்த அழைப்பில்தான் பிழை எண் 5 வரும்; நீங்கள் பார்த்த ‘உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை’ அதுதான். கெட்ட பக்கத்தை நல்லதென்று நீட்டாத இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும். அனுமதி மறுப்பு என்றால் எண் 13. அது வேறு சங்கதி.

வட்டு பிழையே சொல்லாமல் தவறான தரவைத் தந்தால் எக்ஸ்ட்4 (ext4) என்ற கோப்பு முறைமை ஏமாந்துவிடும். பிடிஆர்எஃப்எஸ் (Btrfs) என்ற இன்னொரு கோப்பு முறைமை, தரவிலிருந்து கணக்கிட்டு வைத்த சரிபார்ப்பு எண்ணான செக்சமை ஒப்பிட்டுப் பிடித்துவிடும்.

தயவுசெய்து உடனே எஃப்எஸ்சிகே (fsck, கோப்பு முறைமையைச் சோதித்து வட்டிலேயே திருத்தி எழுதும் கருவி) ஓட்டாதீர்கள். முதலில் டிடிரெஸ்க்யூ (ddrescue, கெட்ட வட்டிலிருந்து தரவை மீட்கும் கருவி) கொண்டு முழு வட்டையும் வேறொரு வட்டுக்குப் படியெடுங்கள்.