ஆபா எண்ணும் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டும்: கேள்வி பதில்

மதுரை வாசகி: ஆபா எண் எடுத்துவிட்டேன். பழைய ரிப்போர்ட் எல்லாம் அதில் வந்துவிடுமா?

தானாக வராதும்மா. ஆபா (ABHA) என்பது மத்திய அரசின் டிஜிட்டல் சுகாதாரத் திட்டத்தில் தரும் 14 இலக்க அடையாள எண், அவ்வளவுதான். ரிப்போர்ட் கொடுத்த ஆஸ்பத்திரி அந்த எண்ணோடு இணைத்தால்தான் உங்கள் ஆப்பில் தெரியும். ஒன்று சொல்லிவிடுகிறேன்: யாராவது பதிவு கேட்டு ஒப்புதல் கோரிக்கை அனுப்பினால், கேட்பது யார், எந்த ரிப்போர்ட், எந்தத் தேதி வரை என்று படித்துப் பார்த்துவிட்டுத் தட்டுங்கள்.

சேலம்: எல்லாம் டெல்லியில் ஒரே கம்ப்யூட்டரில் சேர்கிறதாமே?

இல்லை. பதிவு அந்தந்த ஆஸ்பத்திரியிலேயே இருக்கும். நீங்கள் ஒப்புதல் கொடுத்தபின் கேட்டவருக்குப் போகும்.

கோவை, லேப் மென்பொருள் எழுதுபவர்: ரிப்போர்ட்டை பிடிஎஃப்பாக எஃப்எச்ஐஆர் (FHIR, மருத்துவத் தகவலை மென்பொருள்கள் தங்களுக்குள் பரிமாறும் தரமுறை) உறையில் போட்டு அனுப்புகிறோம். ஏற்றுக்கொள்கிறார்களே, போதாதா?

ஏற்றுக்கொள்வார்கள் தம்பி, அதுதான் வினை. உங்கள் அனலைசர் மெஷின் ஹீமோகுளோபினை எண்ணாகத்தான் தருகிறது. அதைப் படமாக்கிக் கெடுப்பது நாம்தான். ஒரு லேப் 'எச்பி' என்கிறது, இன்னொன்று 'எச்ஜிபி' என்கிறது. சோதனைகளுக்கான பொதுக் குறியீட்டுத் தொகுப்பான லாயிங்க் (LOINC) ஹீமோகுளோபினுக்குத் தரும் 718-7 என்று போட்டால் இரண்டும் ஒன்று என்று எந்த மென்பொருளுக்கும் புரியும். அலகும் முக்கியம்: டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராம் சர்க்கரையும், லிட்டருக்கு 7 மில்லிமோலும் ஒரே அளவு. அலகு இல்லாமல் வெறும் 7 வந்தால் டாக்டர் என்ன செய்வார்?

மத்திய அரசு மின்னணு மருத்துவப் பதிவுக்கான தரநிலைகளை 2013-லேயே வெளியிட்டு, 2016-ல் திருத்தியது. நோய்க்கு ஸ்னோமெட் சிடி (SNOMED CT) என்ற குறியீட்டுத் தொகுப்பு, சோதனைக்கு லாயிங்க், ஸ்கேன் படத்துக்கு டைகாம் (DICOM) என்ற வடிவம். ஸ்னோமெட்டில் இந்தியா உறுப்பு நாடு, அதனால் இங்கே பயன்படுத்த உரிமக் கட்டணம் கிடையாது. காசு இல்லை என்ற சாக்கு செல்லாது.

திருச்சி டாக்டர்: ஓபியில் கூட்டம் நெரிகிறது. குறியீடு தேட எனக்கேது நேரம்?

நீங்கள் தேடவே கூடாது டாக்டர். 'டைப் 2 சுகர்' என்று அடித்தால் அதன் ஸ்னோமெட் குறியீடான 44054006-ஐ மென்பொருள் தானே எடுத்துக்கொள்ள வேண்டும். எடுக்காவிட்டால் விற்றவரைப் பிடியுங்கள்.

அதே டாக்டர்: அது தப்பான நோயை எடுத்துவிட்டால்?

நியாயமான பயம். அதனால்தான் நீங்கள் எழுதிய வார்த்தையும் குறியீட்டோடு கூடவே போக வேண்டும், எஃப்எச்ஐஆரில் அதற்கும் இடம் உண்டு. பழைய கையெழுத்து கேஸ் ஷீட்டை ஸ்கேன் செய்து அனுப்புங்கள், அதில் எனக்குச் சண்டை இல்லை. இன்று கம்ப்யூட்டரில் பிறக்கும் ரிப்போர்ட்டை ஏன் படமாக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

தேனி: எண் எடுத்தேன், ரிப்போர்ட் எதுவும் வரவில்லையே?

மதுரை அம்மாவுக்குச் சொன்னதேதான்.

ஈரோடு: ஆபா இருந்தால் ஐந்து லட்சம் காப்பீடு உண்டா?

அது வேறு திட்டம். காப்பீட்டு மையத்தில் விசாரியுங்கள்.

நெல்லை: எண் எடுத்தும் ரிப்போர்ட்…

மேலே பாருங்கள் ஐயா. ஒப்புதல் கோரிக்கை வந்தால் படிக்காமல் தட்டாதீர்கள்.

கோவை, மறுபடியும்: சரி, எங்கிருந்து ஆரம்பிக்க?

உங்கள் லேபில் அதிகம் ஓடும் சோதனைகளிலிருந்து. அவற்றுக்கு முதலில் லாயிங்க் போடுங்கள், அலகோடு. பிடிஎஃப்பும் கூடவே போகட்டும், நோயாளிக்கு அச்செடுக்க வேண்டுமே.