கம்பெனி சர்வீஸா, வெளி ஒர்க்‌ஷாப்பா? எஸ்டிமேட்டை வரி வரியாகப் படியுங்கள்

கேள்வி: என்னுடையது 2019 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல், மேனுவல் கியர். 62,000 கி.மீ. ஓடியிருக்கிறது. திருச்சியில் கம்பெனி சர்வீஸ் சென்டரில் 13,600 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். வீட்டுக்குப் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் அதே சர்வீஸை 6,000 ரூபாய்க்கு முடித்துத் தருவதாகச் சொல்கிறார்கள். எங்கே விடுவது? (இரண்டு எஸ்டிமேட்டையும் இணைத்துள்ளேன்.)

பதில்: "அதே சர்வீஸ்" என்பதில்தான் சிக்கல். நீங்கள் அனுப்பிய இரண்டும் ஒரே வேலைக்கான எஸ்டிமேட் அல்ல. கம்பெனி தாளில் இன்ஜெக்டர் கிளீனிங், த்ராட்டில் பாடி (இன்ஜினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்) கிளீனிங், ஏசி டிஸ்இன்ஃபெக்டன்ட், இன்ஜின் டிரஸ்ஸிங், இன்டீரியர் கிளீனிங் ஆகிய ஐந்துக்கு மட்டும் 5,200 ரூபாய் போட்டிருக்கிறார்கள். வண்டியோடு வந்த மேனுவலில் கி.மீ. வாரியாகப் பராமரிப்பு அட்டவணை இருக்கிறது. அதில் இந்த ஐந்தையும் தேடிப் பாருங்கள், இருக்காது. ஐடிலிங்கில் வண்டி நடுங்கினாலோ பிக்கப் தயங்கினாலோ த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்வதில் பொருள் உண்டு. மற்றதெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். சர்வீஸ் அட்வைசருக்கு இது தினமும் கேட்கிற பதில்தான்.

மீதி 8,400. மறுபக்கம், 6,000 ரூபாய்த் தாளில் ஸ்பார்க் பிளக் இல்லை, பிரேக் ஆயில் இல்லை, வீல் அலைன்மென்ட்டும் இல்லை. அவற்றைச் சேர்த்தால் இடைவெளி ஆயிரம் ரூபாய்க்குள் வந்துவிடும். எனவே காசைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, எந்த வேலை எங்கே ஒழுங்காக நடக்கும் என்று பார்ப்போம்.

வாரண்டி இருக்கும் வண்டியென்றால் யோசிக்கவே வேண்டாம், கம்பெனிதான். 2014 ஆகஸ்ட்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளியில் சர்வீஸ் செய்த ஒரே காரணத்துக்காக வாரண்டியை அடியோடு ரத்து செய்யக் கூடாது என்றும் அந்த ஆணையில் சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. அந்த ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு சர்வீஸ் கவுன்டரில் வாதாடி ஜெயிக்கலாம் என்று நம்பி இறங்காதீர்கள். உங்கள் வண்டிக்கு அந்தக் கவலை இல்லை. நீங்கள் வாங்கிய 2019-ல் மாருதியின் அடிப்படை வாரண்டி 2 ஆண்டு அல்லது 40,000 கி.மீ. மட்டுமே.

வாரண்டி முடிந்த, கியர் மேனுவலாக உள்ள, டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின் ஓடுகிற இந்த இன்ஜினுக்கு ஒரு நல்ல வெளி ஒர்க்‌ஷாப் தாராளமாகப் போதும். அது நல்ல ஒர்க்‌ஷாப்தானா என்பதை இரண்டு வேலைகளை வைத்தே எடை போட்டுவிடலாம்.

முதலாவது இன்ஜின் ஆயில். என்ன கிரேடு ஊற்றுவீர்கள் என்று கேளுங்கள். மேனுவலில் உள்ளதைச் சொன்னால் சரி. "நம்ம ஊர் வெயிலுக்கு 20டபிள்யூ-40 தான் சார்" என்று கெட்டியான கிரேடைச் சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். இந்த இன்ஜினில் வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை (வால்வ் டைமிங்) மாற்றுவதே ஆயில் அழுத்தம்தான். கெட்டியான ஆயில் காலை ஸ்டார்ட்டில் அதற்கான சிறு துவாரங்களுக்குப் போய்ச்சேரத் தாமதமாகும், மைலேஜும் குறையும். ஃபில்டரோடு மாற்றும்போது மூன்று லிட்டருக்குச் சற்று மேல்தான் பிடிக்கும். கடையில் கிடைப்பதோ 3.5 லிட்டர் கேன். மிச்சம் வைப்பானேன் என்று முழுவதையும் கவிழ்த்துவிடுவார்கள். அளவு மீறினால் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரையில் காற்று இருப்பதால் அழுத்தம் விழும். வண்டியை எடுக்கும்போது சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து ஐந்து நிமிடம் பொறுத்து, டிப்ஸ்டிக்கைத் துடைத்துச் செருகி எடுங்கள். ஆயில் இரண்டு குறிகளுக்கு நடுவே நிற்க வேண்டும். டிரெய்ன் போல்ட்டின் வாஷரைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். சில்லறைக் காசு பொருள், பழையதையே போட்டால் தரையில் சொட்டும். (கம்பெனியில் பேரலிலிருந்து அளந்து ஊற்றுவார்கள். பில்லில் எத்தனை லிட்டர் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.)

இரண்டாவது பிரேக் ஆயில். இது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 3 என்ற தர வகையில் புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. 3.7 சதவீதம் ஈரம் ஏறிவிட்டால் அந்தத் தர விதி கேட்பது 140 டிகிரி மட்டுமே. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால், அந்தச் சூட்டில் பைப்புக்குள் ஆவி உண்டாகி பெடல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. இங்கேதான் ஏமாற்று வேலை அதிகம். சிரிஞ்ச் வைத்து மேலே உள்ள டப்பாவை மட்டும் உறிஞ்சிவிட்டுப் புது ஆயில் ஊற்றி, "மாத்தியாச்சு" என்பார்கள். உண்மையில் நான்கு சக்கரத்திலும் பிளீடர் நிப்பிளைத் தளர்த்தி, பழுப்பு நிறம் போய்த் தெளிவான ஆயில் வரும்வரை வெளியேற்ற வேண்டும். அரை லிட்டருக்கு மேல் செலவாகும். 250 மில்லி டப்பா ஒன்றை மட்டும் பில் போட்டிருந்தால் விஷயம் புரிந்துவிடும். கம்பெனியிலும் இந்தக் கேள்வியைக் கேட்கத் தயங்காதீர்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நடப்பது நமக்குத் தெரியாது. வெளி ஒர்க்‌ஷாப்பில் பக்கத்திலேயே நிற்கலாம், அதுதான் அதன் பெரிய சௌகரியம்.

ஸ்பார்க் பிளக்கை இன்ஜின் ஆறிய பிறகு, முதலில் கையால் திருகித்தான் ஏற்ற வேண்டும். ஹெட் அலுமினியம். மரை போனால் செலவு பல ஆயிரம்.

உதிரி பாகத்தில் ஒரு நெளிவு சுளிவு உண்டு. கம்பெனி ஃபில்டரும் பிளக்கும் அதன் உதிரிபாக விநியோகஸ்தர் கவுன்டரில் யாருக்கும் கிடைக்கும். சென்னைக்காரர்கள் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்குவார்கள். நீங்களே வாங்கிக் கொடுத்தால் போலிக்குப் பயமில்லை. ஆனால் மெக்கானிக்குக் கடையில் கிடைக்கும் கமிஷன் போகும். அதனால் லேபரில் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் வேலையில் குறை வைப்பார். இன்னொன்று: உதிரி பாகங்களுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். பழைய பில்லோடு ஒப்பிடும்போது இதை மறக்க வேண்டாம்.

சாவி புரோகிராமிங், ஏர்பேக் விளக்கு, ஏபிஎஸ் கோளாறு, இசியு (இன்ஜினை இயக்கும் கணினி) மென்பொருள் இவற்றுக்கு மட்டும் கம்பெனிக்கே போங்கள். ரீகால் (தயாரிப்புக் குறைக்காகக் கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைப்பது) வேலை அங்கேதான் நடக்கும், இலவசம். 17 இலக்க சேஸிஸ் எண்ணை மாருதி இணையதளத்தில் போட்டு, ஏதும் நிலுவையில் உள்ளதா என்று இன்றே பார்த்துவிடுங்கள். உங்களுடையது பிஎஸ்6 மாசு விதிப்படி வந்த டீசலாக இருந்தால் பதிலே மாறியிருக்கும். புகைக்குழாயில் உள்ள டிபிஎஃப் என்ற கரித்தூள் வடிகட்டிக்குச் சாம்பல் குறைந்த தனி ஆயில் வேண்டும். அது அடைத்துக்கொண்டால் ஸ்கேனர் வைத்து உள்ளே சேர்ந்த கரியை எரித்து எடுக்கத் தெரிந்த ஆளும் வேண்டும்.

வண்டியை விடுவதற்கு முந்தின நாள், ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்பைத் திறந்து ஃபில்டர் ஓரத்தில் மார்க்கரால் தேதியை எழுதிவையுங்கள். கழற்றிய பாகங்களையெல்லாம் டிக்கியில் போட்டுத் தரச் சொல்லுங்கள். நீங்கள் எழுதிய தேதி அந்தப் பழைய ஃபில்டரில் இருக்க வேண்டும். பில்லில் கி.மீ. அளவையும் ஆயில் பிராண்டையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விற்கும்போது கம்பெனி கம்ப்யூட்டரில் பதிவு இல்லையே என்று கேட்பவரிடம் அந்த பில்களை நீட்டலாம்.