ஏஜண்டிடம் 1,800 வெள்ளி கட்டலாமா?

கேள்வி: 15 வருடமாக மேடை நாடகத்தில் நடிக்கிறேன். இப்போது ஒலிப்புத்தகம் வாசிக்க ஆசை. 1,800 வெள்ளி கட்டினால் டெமோ பதிவு செய்து, ஏசிஎக்ஸ் தளத்தில் சேர்த்துவிடுவதாக ஓர் ஏஜண்டு சொல்கிறார். கட்டலாமா? – செந்தூல் வாசகி, கோலாலம்பூர்

பதில்: கட்டாதீர்கள்.

ஏசிஎக்ஸ், ஒலிப்புத்தகம் விற்கும் ஆடிபிள் நிறுவனம் நடத்தும் தளம். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து இந்த 4 நாடுகளில் குடியிருப்பவர்கள்தான் அதில் வாசிப்பாளராகச் சேர முடியும். 2011இல் தொடங்கிய தளம். இன்னமும் நம் ஊர்க்காரருக்குக் கதவு திறக்கவில்லை. அப்படியிருக்க ஏஜண்டு உங்களை எப்படிச் சேர்ப்பார்? வேறு யாருடைய முகவரியிலோ, வேறு யாருடைய வங்கிக் கணக்கிலோதான். தொண்டை உங்களுடையது, வருமானம் அந்தக் கணக்குக்காரருடையது. "காசு யார் பெயருக்கு வரும்?" என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு மேல் அவர் ஃபோனை எடுக்க மாட்டார்.

இன்னொன்று. யார் நீட்டும் ஒப்பந்தமானாலும், அதில் உங்கள் பதிவை வைத்துச் செயற்கைக் குரல் உருவாக்கலாம் என்று எங்காவது ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அடிக்க விடாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, டெமோவை நீங்களே செய்யலாம். ஒலிப்பதிவுக்கு ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அறை சத்தம் –60 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பார்கள். அந்த எண்ணை விடுங்கள், ஏர்கானும் ஃபேனும் அணைந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து, அதைப் பார்த்தபடி உட்காருங்கள். வியர்க்கும்தான். தகரக் கூரை என்றால் மழை நின்ற பிறகு.

மேடைக்காரர்கள் தடுக்கி விழும் இடம் வேறு. கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று பழகிய குரல், ஒரு சாண் தூரத்து மைக்கில் அதட்டலாக விழும். பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளைக்குக் கதை சொல்வதுபோல் வாசியுங்கள். 'ப' வரும்போது காற்று மைக்கில் நேராக மோதாதபடி வாயைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ளுங்கள்.

எதை வாசிப்பது? நடப்பிலுள்ள எழுத்தாளர் என்றால் அனுமதி வேண்டும். ஆசிரியர் காலமாகி வெகுநாள் ஆகிவிட்டால் அனுமதி தேவையில்லை. ஆனால் 'வெகுநாள்' எத்தனை என்பதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். மலேசியாவில் இறந்த ஆண்டுக்குப் பின் 50 ஆண்டு, இந்தியாவில் 60. 1970இல் இறந்தவரின் கதை இங்கே 2021 தொடக்கத்திலிருந்து பொதுச்சொத்து. இந்தியாவிலோ 2031 வரை காத்திருக்க வேண்டும். நம் தமிழ்ப் பதிவைக் கேட்கிறவர்களில் பாதிப் பேர் அங்கேதான் இருப்பார்கள், அதனால் 60 என்றே வைத்துக்கொள்ளுங்கள். தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியவை என்றால் இந்தக் கணக்கே தேவையில்லை. ஆனால் மூலத்துக்குத்தான் அந்த விடுதலை. புதிய பதிப்பில் ஒருவர் எழுதிச் சேர்த்த முன்னுரையும் குறிப்பும் அவருடையவை, வாசிக்காதீர்கள். பாரதி 1921இல் மறைந்தவர். அவருடைய உரைநடையில் 3 நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள், தாராளமாகப் போதும்.

பதிவை நேராகத் தமிழ்ப் பதிப்பகங்களுக்கே அனுப்புங்கள். சம்பளம் பேசும்போது 'மணிக்கு' என்றால் எந்த மணி என்று கேளுங்கள். முடிந்த ஒலியின் ஒரு மணியைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். அந்த ஒரு மணிக்கு, தப்பைத் திருத்துவதையும் சேர்த்தால், உங்களுக்கு அரை நாள் போய்விடும்.