வாசகர் கேள்வி – பதில்: கையில் நான்கு லட்சம், மனதில் டர்போ

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஐந்து, ஒரே விஷயத்தைச் சுற்றி வந்திருக்கின்றன. சாதாரண ஹேட்ச்பேக் காரின் உடலுக்குள் அதன் அளவை மீறிய எஞ்சினை வைத்துக் கம்பெனியே விற்ற ‘ஹாட் ஹேட்ச்’ கார்கள் நம் நாட்டில் என்றுமே அதிகம் இருந்ததில்லை. இருந்தவையும் பத்து வயதை நெருங்கிவிட்டன, சில தாண்டிவிட்டன. விலை இறங்கி மாதச் சம்பளக்காரரின் கைக்கு எட்டுகிற இடத்துக்கு அவை வந்திருப்பதால், இந்த இதழின் பக்கங்களை இக்கடிதங்களுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: சேமிப்பு நான்கு லட்சம் ரூபாய் இருக்கிறது, கடன் வாங்க விருப்பமில்லை. கல்லூரிக் காலத்திலிருந்தே போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. மீது ஆசை. திருநெல்வேலியில் 2014ஆம் ஆண்டு வண்டி ஒன்று, 82,000 கி.மீ. ஓடியது, இரண்டாவது ஓனர், மூன்று லட்சத்து எண்பதாயிரம் சொல்கிறார்கள். வாங்கலாமா?
— ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: அந்தக் காரை வாங்கலாம், ஆனால் அந்த விலைக்கு, இருபதாயிரத்தை மட்டும் மிச்சம் வைத்துக்கொண்டு வாங்கக் கூடாது. நான்கு லட்சம் இருக்கிறதென்றால் காருக்கு மூன்று லட்சம், மீதி ஒரு லட்சம் வங்கியில் என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள். பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், நான்கு டயர், பேட்டரி, எல்லா ஆயில்களும் ஃபில்டர்களும், பிரேக் பேடு, சஸ்பென்ஷன் புஷ் என்று முதல் ஆறு மாதத்திலேயே செலவு வரிசை கட்டி நிற்கும். இவற்றில் எதுவும் ரிப்பேர் அன்று; பத்து வயதுக் கார் கேட்கிற சாதாரணப் பராமரிப்பு. பல ஆண்டுகளுக்கு முன் கையில் இருந்த பணம் முழுவதையும் கொடுத்து எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளி இழுப்பைக் கூட்டும் டர்போ பொருத்திய பழைய கார் ஒன்றை வாங்கிய நான், இரண்டாம் மாதம் கிளட்ச் தேய்ந்தபோது அதை மாற்றப் பணமில்லாமல் பாளையங்கோட்டையில் வீட்டு வாசலில் நிறுத்தி வைத்தேன். மழையும் வெயிலும் பட்டு நின்ற காலத்தில் பேட்டரியும் டயரும் சேர்ந்தே வீணாயின. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இனி நீங்கள் கேட்கும் காருக்கு வருவோம். ஃபோக்ஸ்வேகன் 2013இல் இங்கே விற்பனைக்குக் கொண்டுவந்த போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ.யில் 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், 105 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர் இழுவிசை, ஏழு கியர் டி.எஸ்.ஜி. ஆட்டோமேட்டிக் ஆகியவை சேர்ந்திருந்தன. அந்த எஞ்சினின் இழுப்பு தாழ்ந்த சுழற்சியிலேயே வந்துவிடுவதால், பாபநாசத்துக்கு மேலே மலைச்சாலையில் ஏறும்போது அதன் அருமை தெரியும். உங்கள் பணத்துக்கு ஆபத்து இருப்பது கியர்பாக்ஸில்தான். அதில் இரண்டு கிளட்ச்கள் உண்டு. இரண்டும் ஆயிலில் மூழ்காத உலர் வகை. நெரிசலில் வண்டி ஊர்ந்து ஊர்ந்து போகும்போது கிளட்ச் பாதி பிடித்தும் பாதி விட்டும் உரசிக்கொண்டே இருப்பதால் சூடேறுகிறது. அந்தச் சூட்டைத் தணிக்க ஆயில் கிடையாது. அந்தக் கிளட்ச்களையும் கியர்களையும் இயக்குகிற மெகட்ரானிக் யூனிட் என்ற மின்னணு, ஹைட்ராலிக் பகுதி பழுதானால் புதிதாக மாற்றும் செலவு லட்சத்தைத் தாண்டிவிடும். வங்கியில் வைக்கச் சொன்ன ஒரு லட்சம் அந்த ஒரே நாளில் போய்விடும் என்பதைத் தெரிந்துகொண்டே இதில் இறங்க வேண்டும்.

ஆகவே சோதித்துப் பார்ப்பதை அரை நாள் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். காலையில், வண்டி நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது போய் முதலில் பேனட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் சில நொடிகள் உலோகம் உரசுகிற கடகடப்பு கேட்டால் வால்வுகள் திறந்து மூடும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் டைமிங் பகுதியைத் திறந்து பார்க்காமல் பேச்சை மேலே கொண்டுபோக வேண்டாம். புகைக்குழாயில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை எஞ்சின் சூடான பின்னும் நிற்கவில்லையென்றால் கூலன்ட் எரிகிறது.

பிறகு ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு, நெரிசல் நேரத்தில் டவுன் ரத வீதிகளைச் சுற்றி அரை மணி நேரம் ஊர்ந்து ஓட்டுங்கள். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது வண்டி நடுங்குகிறதா, ரிவர்ஸ் போட்டதும் உடனே பிடிக்கிறதா, டேஷ்போர்டில் கியர் எழுத்துகள் மினுக்குகின்றனவா என்று கவனியுங்கள். ஈரடுக்குப் பாலத்தின் ஏற்றத்தில் நிறுத்தி, மெதுவாக எடுங்கள். தேய்ந்த கிளட்ச் அங்கே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அதன்பின் நான்குவழிச் சாலையில் நாங்குநேரி வரை போய்த் திரும்பி, கியர்பாக்ஸ் முழுச் சூட்டில் இருக்கும்போது மறுபடியும் நெரிசலுக்குள் வாருங்கள். காலையில் ஒழுங்காக இருந்தது மதியம் உதறினால் அந்த வண்டி உங்களுக்கு வேண்டாம்.

டி.எஸ்.ஜி. தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் ஸ்கேனர் போட்டுப் பார்ப்பது கட்டாயம். காரின் கணினியில் பதிவாகியிருந்த பிழைகளை முந்தின நாளே அழித்துவிட்டு வண்டியைக் காட்டுவது எளிது. ஆகையால் ஓட்டுவதற்கு முன் ஒருமுறை, ஓட்டிய பின் ஒருமுறை என்று இரண்டு தடவை பாருங்கள். கிளட்ச் அல்லது மெகட்ரானிக் ஏற்கெனவே மாற்றப்பட்டு, பில்லும் கையில் இருந்தால், அதற்காகப் பத்து இருபதாயிரம் கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை. இதற்கெல்லாம் சம்மதிக்காத ஓனரிடம் பேரம் பேசவே வேண்டாம்.

இவ்வளவு கவலை எதற்கு என்று தோன்றினால், அதே போலோவின் ஜி.டி. டி.டி.ஐ. டீசலைத் தேடுங்கள். அதே 105 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர், மேனுவல் கியர். அதில் கிளட்ச் தேய்ந்தால் ஊரில் உள்ள நல்ல பட்டறையிலேயே மாற்றிவிடலாம். டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு மட்டும் எழுத்து வடிவில் ஆதாரம் கேளுங்கள். அந்தப் பெல்ட் ஓடும்போது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி எஞ்சினே பாழாகிவிடும். 2015இல் வந்த ஃபோர்டு ஃபிகோ 1.5 டீசலும் 100 குதிரைத்திறன் கொண்டது. விலை இன்னும் குறைவாகவே கிடைக்கும். ஃபோர்டு 2021இல் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது அதற்கு ஒரு காரணம். உங்கள் பட்ஜெட்டுக்கு என் முதல் தேர்வு அந்த ஃபிகோதான். ஆசை போலோவில் இருக்கிறது என்பதை அறிவேன். ஆயினும் ஒரு லட்சத்தைக் கையில் மிச்சம் வைத்துக்கொண்டு முழு வேகத்தையும் தருகிற கார் அதுவே.

கேள்வி: 2017 பலேனோ ஆர்.எஸ். ஒன்றைப் புரோக்கர் மூலம் பார்த்தேன். சந்தை விலையைவிட எழுபதாயிரம் குறைவு. உள்ளே சீட் கவர், மேட் எல்லாம் புதிது. வாசனைத் திரவியம் தூக்கலாக அடிக்கிறது. யோசிக்கவேண்டுமா?
— ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: கட்டாயம் யோசிக்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை உங்களுக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது, தாமிரபரணி கரை மீறித் திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் வந்தது, உங்கள் ஊரில் தெருக்களில் பல நாட்கள் தண்ணீர் வடியவில்லை. அப்போது மூழ்கிய கார்கள் எல்லாம் உடைப்புக்குப் போய்விடவில்லை. கழுவி, காயவைத்து, சீட் மாற்றி விற்கப்பட்டவையும் உண்டு. வெளியூர் வண்டி என்றாலும் நிம்மதி வேண்டாம். வெள்ளம் கண்ட ஊர்கள் வேறும் உண்டு.

முன் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சுருளுக்குள் இருந்த பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் அதை எந்தக் கழுவலும் போக்கியிருக்காது. ஸ்டெப்னி கிடக்கும் பள்ளம், சீட்டின் கீழுள்ள தண்டவாளம், ஃபியூஸ் பெட்டியின் உட்புறம், ஹெட்லைட்டுக்குள் நீர்க்கோடு ஆகியவற்றையும், கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கி அதன் கீழுள்ள பஞ்சையும் பாருங்கள். வாசனைத் திரவியத்தைத் துடைத்து, கண்ணாடிகளை மூடி அரை மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தால் ஈர மண் வாடை இருக்கிறதா என்று தெரிந்துவிடும். நின்ற நீரில் ஓடும் எஞ்சின் தண்ணீரை உறிஞ்சினால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அது வளைந்தபடியே சில மாதங்கள் ஓடவும் கூடும். இன்சூரன்ஸ் கிளைம் விவரத்தை ஓனரிடமிருந்தே எழுத்தில் கேளுங்கள்.

வண்டி மூழ்காதது என்று உறுதியானால் அது நல்ல தேர்வு. ஒரு லிட்டர் பூஸ்டர்ஜெட் டர்போ, 102 குதிரைத்திறன், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். ஒரு விஷயம் மறக்க வேண்டாம்: 2016 அக்டோபர் முதல் 2019 நவம்பர் வரை தயாரான 7,213 ஆர்.எஸ். கார்களை, பிரேக்குக்கு உதவும் வேக்குவம் பம்பில் குறை இருக்கலாம் என்று மாருதி 2023 ஏப்ரலில் திரும்ப அழைத்தது. சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் அந்த வேலை முடிந்ததா என்று கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே சொல்லிவிடுவார்கள்.

கேள்வி: கொல்லத்தில் கேரளப் பதிவெண் கொண்ட அபார்த் புன்டோ ஒன்று விலைக்கு வருகிறது. புளியரை வழியாக ஓட்டிக்கொண்டு வந்துவிட்டால் போதுமா? தினமும் திருநெல்வேலிக்கு வேலைக்குப் போக வேண்டும்.
— ஒரு வாசகர், தென்காசி

பதில்: போதாது. அங்குள்ள ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 28இன்படித் தடையில்லாச் சான்று வாங்கி, நிலுவை அபராதங்களைக் கட்டி, காருக்குக் கடன் இருந்தால் அது தீர்ந்ததைக் காட்டும் வங்கியின் படிவம் 35ஐயும் பெற்று, பிறகு நம் ஊர் அலுவலகத்தில் தமிழ்நாட்டு வாழ்நாள் வரி செலுத்திப் புதிய பதிவெண் வாங்க வேண்டும். அந்த வரியையும் காரின் விலையில் சேர்த்தே கணக்குப் பாருங்கள். தடையில்லாச் சான்று கைக்கு வருமுன் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

ஃபியட் புன்டோவின் வேக வடிவமாக 2015இல் வந்த அந்தக் கார், 1.4 லிட்டர் டி-ஜெட் எஞ்சினில் 145 குதிரைத்திறன் தந்தது. நம் நாட்டில் அந்த விலையில் அதற்கு ஈடாக எதுவும் இருந்ததில்லை என்றே நான் கருதுகிறேன். ஃபியட்டின் லீனியா டி-ஜெட்டிலும் அதே எஞ்சின் குடும்பம் இருந்ததால் எஞ்சின் பாகங்கள் தேடினால் கிடைக்கும். அபார்த்துக்கே உரிய பாகங்களுக்கோ வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். லிட்டருக்குப் பத்து கி.மீ. என்று வைத்தாலும் தென்காசியிலிருந்து போய்வர நாளொன்றுக்குப் பத்து லிட்டருக்கு மேல் பெட்ரோல் வேண்டும். வீட்டில் இன்னொரு வண்டி இருந்து, இதை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எடுப்பதென்றால் வாங்குங்கள். தினசரி வேலைக்கு ஒரே காராக வேண்டாம்.

கேள்வி: ஃபிகோ டீசல் ஒன்றை, ‘ரீமேப் செய்தது, 130 குதிரைத்திறன்’ என்று கூடுதல் விலை சொல்கிறார்கள். கொடுக்கலாமா?
— ஒரு வாசகர், வள்ளியூர்

பதில்: கூடுதல் விலை அல்ல, குறைத்தே கேட்க வேண்டும். ரீமேப் என்பது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியின் நிரலை மாற்றி, கம்பெனி வைத்த அளவுக்கு மேல் சக்தி எடுப்பது. கிளட்ச்சும் டர்போவும் எவ்வளவு அடி வாங்கியிருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியாது. நாலாவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்துங்கள். சுழற்சி ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. மாற்றத்தை இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாமல் விட்டால் கிளைம் சமயத்தில் சிக்கல் வரும். வண்டியில் கம்பெனி வைத்ததை இஷ்டப்படி மாற்றுவதைத் தடுக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம் என்ற விதியும் இப்போது உங்கள் தலையில்தான் விழும்.

கேள்வி: என் மகனுக்கு இருபத்து மூன்று வயது. வேகமான பழைய கார்தான் வேண்டும் என்கிறான். அவன் அப்பா வேண்டாம் என்கிறார். எனக்கு இரண்டு பேரையும் பகைத்துக்கொள்ள முடியவில்லை. என்ன செய்வது?
— ஒரு தாய், களக்காடு

பதில்: அம்மா, உங்கள் அச்சம் நியாயமானது, மகனின் ஆசையும் தவறன்று. காரின் மீது உண்மையான ஈடுபாடு உள்ள பிள்ளை அதைப் பராமரிக்கவும் கற்றுக்கொள்வான். எந்தக் கார் என்பதில் மட்டும் நீங்கள் உறுதியாக நில்லுங்கள்: இரண்டு ஏர்பேக்கும், திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ்.ஸும் இல்லாத கார் வீட்டுக்குள் வரக் கூடாது. 2014இல் குளோபல் என்கேப் அமைப்பு போலோவை மோதிச் சோதித்தபோது, ஏர்பேக் இல்லாத வண்டிக்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. இரண்டு ஏர்பேக் உள்ள அதே போலோ நான்கு நட்சத்திரம் பெற்றது. இதை அவன் அப்பாவிடமும் காட்டுங்கள். அதே சமயம், பழைய காரில் ஏர்பேக் விளக்கு ஸ்டார்ட் செய்ததும் எரிந்து பிறகு அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ அதைத் துண்டித்திருக்கலாம்.

களக்காட்டுச் சாலையில் இரவு நேரத்தில் வாழைத்தார் ஏற்றிய டிராக்டர்கள் பின்விளக்கு இல்லாமல் போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அங்கே எஞ்சினைவிட டயரும் பிரேக்கும்தான் முக்கியம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2318 என்றிருந்தால் அது 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் ஆழமாகத் தெரிந்தாலும் ஆறு வருடம் கடந்த டயரில் வேகம் போக விடாதீர்கள். கார் வாங்கும் பணத்திலேயே நான்கு புதிய டயருக்கும் பிரேக் பேடுக்கும் தனியே எடுத்து நீங்கள் வைத்துக்கொண்டு, அவற்றை மாற்றிய பிறகு சாவியை அவன் கையில் கொடுங்கள்.